உடம்பு இளைத்தால் பச்சை என்ன ஆகும்?

அமெரிக்காவில் எம்மா என்று ஒரு பெண் இருந்தாள். அவளுடைய கணவன் பெயர் பிராங்க். 1890-ம் ஆண்டுகளில் "டி பர்க் தம்பதி" என்றால் பல ஊர்களில் தெரியும்.

இருவரும் உடம்பு முழுவதும் பச்சை குத்திக்கொண்டவர்கள். ஊர் ஊராகப் போனார்கள். மேடை ஏறி, பச்சை குத்திய உடம்பைக் காட்டிப் பிழைத்தார்கள். அவர்களைப் பார்க்கக் கூட்டம் காசு கொடுத்து வந்தது.

எம்மாவின் முதுகில் இருந்தது, இயேசுநாதரின் கடைசி இராப்போசனப் படம். நடுவில் இயேசு. இரு பக்கமும் சீடர்கள். துயரமான காட்சி.

ஆண்டுகள் சென்றன. எம்மா பருத்தாள். முதுகு அகன்றது. முதுகோடு சேர்ந்து படமும் அகன்றது.

முன்பு அவளைப் பார்த்திருந்த ஒருவர், பல ஆண்டுகள் கழித்து மறுபடியும் பார்த்தார். திகைத்துப் போனார். சீடர்கள் அத்தனை பேரும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தார்களாம்!

பருத்தால் இந்தக் கதி. சரி, இளைத்தால்?

இது வேடிக்கையான கேள்வி அல்ல. உடம்பைக் குறைக்கப் பாடுபடுகிறவர்கள் இன்று நிறைய. பச்சை குத்திக்கொள்ள ஆசைப்படுகிறவர்களும் நிறைய. இரண்டு ஆசையும் ஒரே ஆளுக்கு வந்தால் என்ன செய்வது?

அப்பா பெயர்

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். எந்த ஊரிலும் இருக்கக்கூடிய குடும்பம்தான்.

மகளுக்கு 26 வயது. ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறாள். அவளுடைய அப்பா பருத்த உடம்புக்காரர். சர்க்கரை வியாதியும் இருந்தது. ஒருநாள் மாரடைப்பில் போய்விட்டார்.

அன்று மகளின் எடை 92 கிலோ. "அப்பாவுக்கு நேர்ந்தது எனக்கும் நேரக்கூடாது" என்று முடிவு செய்தாள். விடியற்காலையில் நடந்தாள். பலகாரத்தை நிறுத்தினாள். சோற்றைக் குறைத்து, காய்கறியைக் கூட்டினாள். எட்டு மாதத்தில் 12 கிலோ குறைந்தது. இன்னும் 15 கிலோ குறைய வேண்டும்.

இந்த நேரத்தில் அவளுக்கு ஓர் ஆசை வந்தது. அப்பாவின் பெயரைத் தோளுக்குக் கீழே, மேல்கையில் பச்சை குத்திக்கொள்ள வேண்டும். பெயரைச் சுற்றி ஒரு வட்டம். வட்டத்தைச் சுற்றிப் பூக்கொடி.

அப்பத்தா கேட்டாள்: "எதுக்குத்தா இப்போ அவசரம்?"

"அப்பா பேரு கையில இருந்தா, மிச்ச எடையையும் குறைக்கணும்னு வைராக்கியம் வரும் அப்பத்தா."

அப்பத்தா பதில் சொல்லவில்லை. தன்னுடைய இடது கையை நீட்டினாள். முன்கையில் ஒரு பச்சைக் கோலம். புள்ளிகள் ஒன்றோடு ஒன்று கலந்து கிடந்தன.

"எனக்கு எட்டு வயசுல குத்தினது. அப்போ கட்டைவிரல் நகம் அளவுதான் இருந்துச்சு. கை வளந்துச்சு, கோலமும் வளந்துச்சு. இப்போ கை வத்திப்போச்சு. கோலமும் சுருங்கிப்போச்சு. பாரு!"

பேத்தி பார்த்தாள். எத்தனையோ ஆண்டுகளாகப் பார்த்த கைதான். ஆனால் அன்றுதான் அதை உற்றுப் பார்த்தாள்.

அகத்திக்கீரை மை

அப்பத்தா காலத்தில் பச்சை குத்த எந்திரம் கிடையாது. பச்சை குத்தும் பெண்கள் தெருவோடு வருவார்கள். திருவிழாவில் உட்கார்ந்திருப்பார்கள்.

மையை அவர்களே செய்வார்கள். மஞ்சள் பொடியையும் அகத்திக்கீரையையும் சேர்த்து அரைப்பார்கள். அதை மெல்லிய துணியில் தடவி, திரியாகச் சுருட்டுவார்கள். விளக்கெண்ணெய் ஊற்றி எரிப்பார்கள். மேலே புதுச்சட்டியைக் கவிழ்ப்பார்கள். சட்டியின் உட்புறம் கரி படியும். அந்தக் கரியைச் சுரண்டி, தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்தால் மை தயார்.

மூன்று, நான்கு தையல் ஊசிகளைச் சேர்த்துக் கட்டுவார்கள். மையில் தோய்த்துக் குத்துவார்கள். பிள்ளை அழாமல் இருக்கப் பாட்டும் பாடுவார்கள்.

குத்தும்போது மை கறுப்பு. ஆறிய பிறகு பார்த்தால் பச்சை! தோலுக்கு அடியில் இருக்கும் கரி, வெளியே இருந்து பார்க்கும்போது நீலமும் பச்சையும் கலந்த நிறமாகத் தெரிகிறது.

எந்திரம் வந்தது 1891-ல். எடிசன் மின்சாரப் பேனா ஒன்றைச் செய்திருந்தார். காகிதத்தில் துளை போட்டு நகல் எடுக்கும் பேனா அது. நியூயார்க்கைச் சேர்ந்த சாமுவேல் ஓரைலி அதைப் பார்த்தார். "காகிதத்தில் துளை போட்டால் தோலிலும் போடும்" என்று கணக்குப் போட்டார். பச்சை குத்தும் மின்சார எந்திரத்துக்கு உரிமை வாங்கினார். எம்மாவுக்கும் அவள் கணவனுக்கும் பச்சை குத்தியவர் இவர்தான்.

தோலுக்குள் என்ன நடக்கிறது?

தோலில் இரண்டு முக்கிய அடுக்குகள் உண்டு.

மேல் அடுக்கு காகிதம் போல் மெல்லியது. அது சுமார் ஒரு மாதத்தில் உதிர்ந்து புதிதாகிவிடும். அங்கே மை தங்காது. மருதாணி சில வாரங்களில் மறைவது இதனால்தான்.

கீழ் அடுக்கு கெட்டியானது. ரத்தக் குழாய்களும் நரம்புகளும் அங்கேதான் இருக்கின்றன. பச்சை குத்தும் ஊசி ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் ஆழம் போய், மையை அங்கே விடுகிறது.

மையைக் கண்டதும் உடம்பு சும்மா இருக்குமா? "யாரோ அந்நியன் வந்துவிட்டான்" என்று காவல்கார அணுக்கள் ஓடி வருகின்றன. மையை விழுங்குகின்றன. ஆனால் செரிக்க முடிவதில்லை. வயிற்றில் மையை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிடுகின்றன.

ஒரு காவல்காரன் செத்தால்? அவன் விட்ட மையை அடுத்த காவல்காரன் விழுங்குகிறான். பிரான்சு நாட்டு விஞ்ஞானிகள் எலிகளை வைத்து ஆராய்ந்து, 2018-ல் இதை வெளியிட்டார்கள். பச்சை ஆயுள் முழுவதும் அழியாமல் இருக்கும் ரகசியம் இதுதான்.

ஆயுளுக்குப் பிறகும்கூட இருக்கும்! ஆல்ப்ஸ் மலைப் பனியில் 1991-ல் ஒரு மனிதனின் உடல் கிடைத்தது. அவன் செத்து சுமார் 5,300 ஆண்டுகள் ஆகின்றன. அவன் உடம்பில் 61 பச்சைக் கோடுகள் இன்றும் இருக்கின்றன.

ஆக, மை போகாது. ஆனால் மை இருக்கும் தோல் அசையும். அங்கேதான் சங்கடம்.

வட்டம் முட்டை ஆகும்

உடம்பு பருக்கும்போது தோல் விரிகிறது. இளைக்கும்போது சுருங்குகிறது. ரப்பர் போன்ற நார்கள் தோலுக்குள் இருப்பதால் இது முடிகிறது.

பலூனில் படம் வரைந்து ஊதினால் படம் பெரிதாகும். காற்றை விட்டால் சிறிதாகும். தோலும் அப்படித்தான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பலூன் எல்லாப் பக்கமும் சுருங்கும். கை அப்படிச் சுருங்காது.

பேத்தியின் மேல்கைச் சுற்றளவு 40 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எடை குறைந்து அது 32 சென்டிமீட்டர் ஆகிறது. கையின் நீளம் குறையுமா? குறையாது.

இப்போது அங்கே 10 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு வட்டம் இருந்தால் என்ன ஆகும்? தோல் நன்றாகச் சுருங்கிக் கொடுத்தால் அகலம் 8 சென்டிமீட்டர் ஆகிவிடும். உயரம் அதே 10 சென்டிமீட்டர். வட்டம் நிற்கிற முட்டை ஆகிவிடும்!

உள்ளே இருக்கும் அப்பா பெயர் நெருங்கும். பொடி எழுத்தாக இருந்தால் சுழிகள் ஒட்டிக்கொள்ளும். "ன" எது, "ண" எது என்று தெரியாமல் போகலாம்.

தோல் சுருங்கிக் கொடுக்காவிட்டால் இன்னொரு வம்பு. வயது கூடினாலோ, பல ஆண்டுகள் பருமனாக இருந்தாலோ, மிக வேகமாக இளைத்தாலோ நார்கள் தளர்ந்துவிடும். தோல் தொங்கும். படமும் சேர்ந்து தொங்கும்.

இதற்காகப் பயந்துவிட வேண்டியதில்லை. இரண்டு கிலோ, மூன்று கிலோ ஏறி இறங்குவதால் பச்சை கெடாது. 15 கிலோ, 20 கிலோ என்று குறையும்போதுதான் யோசிக்க வேண்டும்.

எந்த இடம் நல்லது?

எல்லா இடமும் ஒரே மாதிரி மாறுவதில்லை. கொழுப்பு எங்கே சேருகிறதோ, அங்கேதான் மாறுதல் அதிகம்.

வயிறு, இடுப்பு, தொடை, மேல்கையின் உட்புறம், மார்பு ஆகியவை அதிகமாக மாறும் இடங்கள்.

மணிக்கட்டு, முன்கை, கணுக்கால், பிடரிக்குக் கீழே முதுகின் மேற்பகுதி ஆகியவை குறைவாக மாறும் இடங்கள்.

கல்யாணம் ஆகிப் பிள்ளை பெற இருக்கும் பெண்கள் வயிற்றில் குத்திக்கொள்ளும் முன் நன்றாக யோசிக்க வேண்டும். ஒன்பது மாதத்தில் வயிறு எவ்வளவு விரியும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

எடை ஏறி இறங்கிய உடம்பில் வரித் தழும்புகள் இருக்கும். புதிய தழும்பு சிவந்திருக்கும். அதன்மேல் மை ஒழுங்காகப் பிடிக்காது. அது வெளுத்து ஆறும் வரை பொறுப்பது நல்லது.

வளரும் பிள்ளைகளுக்கு எந்த இடத்திலும் வேண்டாம். அப்பத்தாவின் கோலமே சாட்சி!

பட்டினியோடு போகாதீர்கள்

பச்சை என்பது படம் மட்டும் அல்ல. அது ஒரு காயம். ஆயிரக்கணக்கான ஊசிக் குத்துகள் சேர்ந்த காயம்.

காயம் ஆறச் சத்து வேண்டும். முக்கியமாகப் புரதச் சத்து வேண்டும். உடம்பைக் குறைக்கிறேன் என்று முட்டை, பருப்பு, பயறு, மீன் எல்லாவற்றையும் தள்ளிவிட்டால் புண் ஆறத் தாமதமாகும். கீரையும் நெல்லிக்காயும் கொய்யாப்பழமும் கூட வேண்டும்.

காலையில் வெறும் வயிற்றோடு போய் உட்காரக் கூடாது. வலியும் பசியும் சேர்ந்தால் மயக்கம் வரும். சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, பிறகு போக வேண்டும்.

எடை குறைப்பதிலும் நிதானம் வேண்டும். வாரத்துக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை குறைவது நல்ல வேகம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள்.

சர்க்கரை வியாதி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் குத்திக்கொள்ளவே கூடாது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் புண் சீழ் பிடிக்கும். இன்சுலின் ஊசியோ, எடை குறைக்கும் ஊசியோ போடுகிறவர்கள், ஊசி போடும் இடத்தில் பச்சை குத்தாமல் இருப்பது நல்லது.

சிலருக்குச் சிறு காயமும் தடித்த தழும்பாக வளரும். அவர்களுக்குப் பச்சை ஆகாது.

எப்போது குத்தலாம்?

நினைத்த எடை வந்ததும் ஓடக் கூடாது. வந்த எடை நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். குறைத்த எடை திரும்ப ஏறுவது பலருக்கும் நடக்கிறது. அப்போது சுருங்கிய படம் மறுபடியும் விரியும்.

இதற்கு ஓர் எளிய வழி உண்டு. தையல்காரரின் நாடா போதும். பச்சை குத்த நினைக்கும் இடத்தை மாதம் ஒரு முறை அளக்க வேண்டும். அளவை நோட்டில் எழுதி வைக்க வேண்டும். ஆறு மாதம் அளவு மாறாமல் நின்றால் உடம்பு நிலைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

எடை குறைக்க வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு ஒன்று, ஒன்றரை ஆண்டு வரை எடை இறங்கிக்கொண்டே இருக்கும். பிறகு சிலர் தொங்கும் தோலை வெட்டி எடுக்க இன்னோர் ஆபரேஷன் செய்துகொள்வார்கள். அங்கே பச்சை இருந்தால் அதுவும் சேர்ந்து வெட்டுப்படும். ஆகவே எல்லா ஆபரேஷனும் முடிந்து, தழும்பு ஆறிய பிறகுதான் பச்சை.

அதுவரை ஆசையை அடக்க முடியவில்லையா? மருதாணியால் வரைந்து பார்க்கலாம். இடம் பிடிக்கிறதா, அளவு சரியா என்று தெரிந்துவிடும். ஆனால் "கறுப்பு மருதாணி" வேண்டாம். அதில் தலைச்சாயத்தில் சேர்க்கும் ரசாயனம் இருக்கும். தோல் கொப்பளித்துவிடும்.

ஊசியில் கவனம்!

பொறுத்திருந்து குத்தினாலும், எங்கே குத்துகிறோம் என்பது முக்கியம்.

ஒருவருக்குக் குத்திய ஊசியை இன்னொருவருக்குக் குத்தினால் மஞ்சள் காமாலைக் கிருமிகள் பரவலாம். எய்ட்ஸ் கிருமியும் பரவலாம். ஒரு வகை மஞ்சள் காமாலைக்குத் தடுப்பூசி உண்டு. அதுதான் 'பி' வகை. 'சி' வகைக்குத் தடுப்பூசி இல்லை.

ஊசி புதிதாக இருக்க வேண்டும். கண் எதிரே உறையைப் பிரிக்கச் சொல்ல வேண்டும். மையும் அந்த ஒருவருக்கென்று தனிக் கிண்ணத்தில் ஊற்றியதாக இருக்க வேண்டும். குத்துகிறவர் புதுக் கையுறை போட வேண்டும். கேட்பதற்குக் கூச்சப்படக் கூடாது. உடம்பு நம்முடையது!

குத்திய இடத்தைச் சோப்புப் போட்டு மெதுவாகக் கழுவ வேண்டும். சொறியக் கூடாது. பொருக்கைப் பிய்க்கக் கூடாது. மேல்தோல் ஆற இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அதுவரை குளத்திலும் கிணற்றிலும் இறங்கிக் குளிக்கக் கூடாது. நடைப்பயிற்சியை விட வேண்டியதில்லை. குத்திய இடம் உரசும்படியான பயிற்சியை மட்டும் சில நாள் நிறுத்தலாம்.

சிவப்பு பரவினாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

இன்னொன்று. நம் நாட்டில் பச்சை குத்திக்கொண்டவர்கள் ஓர் ஆண்டுக்கு ரத்ததானம் செய்யக் கூடாது. வீட்டில் யாருக்காவது ரத்தம் தேவைப்படும் என்று தெரிந்தால் இதையும் யோசிக்க வேண்டும்.

"பிடிக்காவிட்டால் அழித்துக்கொள்ளலாமே" என்று சிலர் நினைக்கிறார்கள். லேசர் ஒளியால் மையை உடைத்து அழிக்க முடியும். ஆனால் ஒரே தடவையில் போகாது. பல வாரம் இடைவெளி விட்டுப் பல தடவை போக வேண்டும். வலி உண்டு. குத்தியதைவிட அழிக்க அதிகம் செலவாகும். சில நிறங்கள் முழுவதும் போகாமலே நின்றுவிடும்.

பேத்தியின் முடிவு

மறுபடியும் அந்த வீட்டுக்கு வருவோம்.

பேத்தி இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் அப்பத்தாவிடம் வந்தாள்.

"அப்பத்தா, மேல்கையில வேண்டாம். மணிக்கட்டுக்கு மேலே முன்கையில குத்திக்கிறேன். வட்டம் வேண்டாம். பூக்கொடி வேண்டாம். பெரிய எழுத்தா அப்பா பேரு மட்டும்."

"எப்போ?"

"இப்போ இல்ல. எடை குறைஞ்சு ஆறு மாசம் நிக்கட்டும். அப்புறம்."

"வைராக்கியத்துக்கு என்ன பண்ணுவே?"

பேத்தி ஒரு நாடாவையும் நோட்டையும் எடுத்து வந்தாள். நோட்டின் முதல் பக்கத்தில் அப்பாவின் பெயரை எழுதினாள். அதன் கீழே தேதி போட்டாள். தன் முன்கையை அளந்து, அளவை எழுதினாள்.

அப்பத்தா தன் கையையும் நீட்டினாள்.

"இதையும் அளந்து வை" என்றாள்.

இரண்டு கையின் அளவும் ஒரே பக்கத்தில் ஏறியது.